எல்லோருக்கும் இருட்டில் கண் தெரிந்தால்

விளையாட்டு என்றதும் நம் நினைவுக்கு வருவன மைதானமும் பந்தும். மழைக்காலமாயின் கேரம், சதுரங்கம், வீட்டுத் திண்ணையில் தாயம். இவற்றுள் எந்த வகையிலும் சேராத ஓர் ஆட்டம் 1974ஆம் ஆண்டில் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து வெளிவந்தது. 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்பது அதன் பெயர். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்ற இருவர் அதனை ஆக்கினர். ஒரு பெட்டிக்குள் மூன்று சிறு நூல்கள். முதலில் அச்சானவை 1000 பிரதிகளே. அதுவும் அதன் வழிவந்த பிறவும் இன்று பல நாடுகளில் ஆடப்படுகின்றன.

நம் கல்லூரியில் இதனை ஆடியவர் சிலரே இருப்பர். பெயரைக்கூடக் கேளாதவர் பலர் இருப்பர். ஆகவே ஆட்டம் நடக்கும் முறையை முதலில் சொல்லிவிடுகிறேன். நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்கின்றனர். அவர்களுள் ஒருவர் நடத்துநர். மற்றவர் ஒவ்வொருவரும் ஒரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்கின்றனர்: ஒருவர் வாள்வீரர், ஒருவர் மந்திரவாதி, ஒருவர் திருடர், ஒருவர் பூசாரி. நடத்துநர் இடத்தை வருணிப்பார். "படிகள் கீழே இறங்குகின்றன. ஈரவாடை வீசுகிறது. என்ன செய்கிறீர்கள்?" என்பார். ஆடுவோர் தம் பாத்திரம் செய்வதைச் சொல்வர். செய்தது பலித்ததா இல்லையா என்பதை இருபது முகங்களுடைய பகடை தீர்மானிக்கும். இவ்வாறு பேச்சினாலேயே ஒரு கதை வளர்ந்து செல்லும். அக்கதை பெரும்பாலும் பூமிக்கடியில், பாழடைந்த நிலவறைகளில் நடக்கும். 'டஞ்சன்' என்ற சொல்லே அதைக் குறிப்பதுதான்.

பூமிக்கடியில் என்றால் இருட்டு. இந்த இருட்டைப் பற்றித்தான் இங்கே சொல்ல வந்தேன்.

1974ஆம் ஆண்டு நூல்களுள் மூன்றாவதில் ஒரு சிறு விதி உண்டு. நிலவறைக்குள் போகிறவர்க்குப் பந்தமோ லாந்தரோ ஒளிவீசும் மந்திர வாளோ வேண்டும். இல்லையேல் இருளில் காணச் செய்யும் மந்திரம் வேண்டும். அம்மந்திரமோ மூன்றாம் படியைச் சேர்ந்தது. புதிதாக ஆட வந்த மந்திரவாதிக்கு எட்டாது. பந்தம் பலத்த காற்றில் அணைந்துவிடும். அதுமட்டுமின்றி, ஒளியோடு வருகிறவர்களை அரக்கர்கள் தொலைவிலேயே கண்டுகொள்வர். அரக்கர்களுக்கு விளக்கு வேண்டியதில்லை. அவர்களுக்கு இருட்டிலும் எப்போதும் கண் தெரியும். இதற்கு அடுத்து ஒரு நிபந்தனை வருகிறது. ஓர் அரக்கன் ஆடுவோர் ஒருவரிடம் ஊழியத்துக்குச் சேர்ந்துவிட்டால், அன்றே அந்தப் பார்வை அவனைவிட்டுப் போய்விடும்!

முதன்முறை படிக்கையில் இது வேடிக்கையாக இருக்கும். நேற்றுவரை இருட்டில் பார்த்தவன் சம்பளத்துக்குச் சேர்ந்ததும் குருடாவது எப்படி? இயற்கை நியாயம் ஒன்றும் இதில் இல்லைதான். ஆனால் ஆட்ட நியாயம் இருக்கிறது. இருட்டு எதிரியின் நாடு. அங்கே நாம் விருந்தாளிகள். அதுவும் அழையா விருந்தாளிகள். கையிலுள்ள ஒளி எத்தனை நாழிகையோ அத்தனை நாழிகைதான் அங்கே இருக்கலாம். எதிரிக்கு இருக்கும் வசதியைக் கூலி கொடுத்து வாங்கிவிட முடியாது. இவ்வளவையும் ஒரே வாக்கியத்தில் அடக்கிவிட்டனர்.

பந்தம் எப்படி ஒரு கடிகாரமாயிற்று என்பதை 1981ஆம் ஆண்டில் டாம் மோல்ட்வே திருத்தித் தந்த தொடக்க நிலை நூலில் தெளிவாகக் காணலாம். அங்கே காலம் பத்து நிமிடக் கூறுகளாக எண்ணப்படுகிறது. ஒரு பந்தம் ஆறு கூறுகள், அதாவது ஒரு மணி நேரம் எரியும். ஒரு குப்பி எண்ணெய் லாந்தரில் 24 கூறுகள் எரியும். இரண்டு கூறுகளுக்கு ஒருமுறை நடத்துநர் ஆறுமுகப் பகடையை உருட்டுவார். 1 விழுந்தால் சுற்றித் திரியும் ஏதோ ஓர் அரக்கன் எதிர்ப்பட்டுவிடும். ஆக, ஒரு பந்தம் எரிந்து முடிவதற்குள் மூன்று உருட்டல்கள். மூன்றில் ஒரு தடவையாவது 1 விழ நூற்றுக்கு 42 பங்கு வாய்ப்பு உண்டென்பதைக் கணித மாணவர்கள் மனக்கணக்காகவே சொல்லிவிடுவர். ஒவ்வொரு பந்தமும் இப்படிப்பட்ட ஒரு சூதாட்டம். இன்னும் இரண்டு அறைகளைப் பார்ப்பதா, கிடைத்ததோடு திரும்புவதா? திரும்பி வரும் வழிக்கு ஒளி போதுமா? ஒரு கையில் பந்தம் பிடித்தவன் அந்தக் கையில் கேடயம் பிடிக்க முடியாது. பந்தத்தை யார் பிடிப்பது? ஆட்டத்தின் சுவையே இத்தகைய கேள்விகளில்தான் இருந்தது.

இனி, இருட்டில் காணும் ஆற்றல் அரக்கர்களிடமிருந்து ஆடுவோர் பக்கம் வந்த கதையைப் பார்ப்போம். இக்கதை நேர்கோட்டில் செல்லவில்லை.

இவ்வாட்டத்தில் மனிதர் மட்டுமன்றி வேறு குலத்தவராகவும் பாத்திரம் ஏற்கலாம். எல்ஃப் என்போர் காட்டை விரும்பும் நீண்ட ஆயுளுடைய மக்கள். ட்வார்ஃப் என்போர் மலையைக் குடைந்து வாழும் குட்டையான, உரமான மக்கள். இவ்வாறு இன்னும் சில குலங்கள். 1978இல் வெளிவந்த ஆடுவோர் கையேட்டில் ஏழு குலங்கள் இருந்தன. அவற்றுள் ஹாஃப்லிங் என்ற குலத்தில் சில கிளையினரை விட்டுவிட்டால், மனிதரைத் தவிர எல்லோருக்கும் இருட்டில் கண் தெரிந்தது. ஆயின் அப்பார்வை அகச்சிவப்புப் பார்வை. பொருளின் வெப்பத்தைக் காண்பது. உயிருள்ள உடல் தெரியும்; குளிர்ந்த கல்சுவரில் வெட்டிய எழுத்து தெரியாது. அதற்கு மேலாக, அருகில் விளக்கு எரிந்தால் அந்தப் பார்வை கெட்டுப்போகும். எனவே குழுவில் ஒரே ஒரு மனிதன் பந்தம் ஏந்தி வந்தாலும் எல்ஃபின் கண்ணுக்குப் பயனில்லை. முன்னால் ஒருவனை இருட்டில் உளவு பார்க்க அனுப்ப வேண்டுமானால் அவன் பந்தத்தை விட்டு வெகுதூரம் தனியே போக வேண்டும். தனியே போவது ஆபத்து. வரம் ஒன்று, அதற்கு விலை ஒன்று என்று இருந்தது.

வெப்பப் பார்வையால் நடத்துநர்களுக்குப் பட்ட தொல்லை கொஞ்சமன்று. செத்த உடல் எவ்வளவு நேரம் ஒளிரும்? வெந்நீர் ஊற்றுக்கு அருகில் என்ன தெரியும்? எலும்புக்கூடு நடந்து வந்தால் அதற்கு உடற்சூடு ஏது? பௌதிக வகுப்பே நடந்துவிடும். இத்தொல்லையைத் தீர்க்க 2000ஆம் ஆண்டு வெளிவந்த மூன்றாம் பதிப்பு வெப்பத்தைக் கைவிட்டது. அதற்குப் பதிலாக இரண்டு பார்வைகளை வகுத்தது. ஒன்று மங்கொளிப் பார்வை: நிலவிலும் விண்மீன் ஒளியிலும் பந்த ஒளியிலும் மனிதனைப்போல இருமடங்கு தொலைவு தெரியும், ஒளியே இல்லாவிடில் ஒன்றும் தெரியாது. மற்றொன்று இருட்பார்வை: முழு இருட்டிலும் 60 அடி வரை கறுப்பு வெள்ளையாகத் தெரியும். எல்ஃபுக்கு முன்னது, ட்வார்ஃபுக்குப் பின்னது. ஏழு குலங்களுள் இருட்பார்வை பெற்றவை இரண்டே. என் கருத்தில் இதுவே செம்மையான பாகுபாடு. காட்டில் வாழ்பவனுக்கு நிலவொளி போதும்; சுரங்கத்தில் வாழ்பவனுக்குத்தான் இருட்டு பழக்கம். கண்ணைப் பார்த்தே அவன் ஊரைச் சொல்லிவிடலாம்.

2014இல் வந்த ஐந்தாம் பதிப்பு ஆட்டத்தை எளிமையாக்க விரும்பியது. பலவற்றில் வெற்றியும் கண்டது. ஆனால் ஆடுவோருக்குரிய மங்கொளிப் பார்வையை எடுத்துவிட்டு, அது இருந்த இடத்திலெல்லாம் இருட்பார்வையை வைத்துவிட்டது. ஒன்பது குலங்களுள் ஆறு குலங்களுக்கு இருட்டில் கண் தெரிந்தது. மனிதர், ஹாஃப்லிங், டிராகன்பார்ன் ஆகிய மூவர்தாம் விடுபட்டவர். 2024இல் வந்த புதிய கையேட்டில் டிராகன்பார்னும் அந்த வரத்தைப் பெற்றுவிட, பத்துக்கு ஏழு என்றாயிற்று. ட்வார்ஃபுக்கும் ஆர்க்குக்கும் 120 அடி! இதற்கிடையில் ஒளி உண்டாக்கும் சிறு மந்திரம் ஒன்றை மந்திரவாதி எத்தனை தடவை வேண்டுமானாலும் செலவின்றி ஓதலாம் என்றும் ஆகிவிட்டது. பந்தத்துக்கு இனி என்ன வேலை?

இதனால் மேசையில் நடப்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். நால்வர் குழு. எல்ஃப் மந்திரவாதி, ட்வார்ஃப் வீரன், நோம் திருடன், மனிதப் பூசாரி. நிலவறை வாயிலில் நடத்துநர், "உள்ளே கும்மிருட்டு" என்கிறார். உடனே மூன்று குரல்கள், "எனக்குக் கண் தெரியும்." நான்காமவர் தயங்கி, "எனக்கு மட்டும் தெரியாது" என்கிறார். "பரவாயில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு வா" என்கிறான் ட்வார்ஃப். அல்லது மந்திரவாதி அவருக்காக ஒரு கூழாங்கல்லில் ஒளியேற்றித் தருகிறான். எதிரிகள் விழித்துக்கொண்டால், "உன்னால்தான்" என்று மூவரும் அவரைப் பார்க்கின்றனர். முன்பு நால்வருக்கும் பொதுவாக இருந்த இடர் இப்போது ஒருவர் தலையில் மட்டும் விழுகிறது. அடுத்த ஆட்டத்துக்கு அவரும் எல்ஃபாகவே வருவார். வந்தபின் நடத்துநர் 'இருட்டு' என்ற சொல்லைச் சொல்வதையே விட்டுவிடுவார். சொல்லி என்ன பயன்? பாதாளம் என்பது கூரையிட்ட கடைத்தெருவாகிவிடும்.

இழப்பு அந்த ஒரு மனிதனுக்கு மட்டும் என்று எண்ணிவிடக் கூடாது. இருட்டில் காண்பது அந்தக் குலத்தின் தனிச்சிறப்பு என்று எழுதியிருந்தார்கள் அல்லவா? பத்துப் பேரில் ஏழு பேருக்கு இருப்பதை யாரும் தனிச்சிறப்பு என்று சொல்வதில்லை. ட்வார்ஃப் பாத்திரம் ஏற்றவர், "இந்த இருட்டில் உங்களை வழிநடத்த நான் இருக்கிறேன்" என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் தருணம் ஒன்று முன்பு இருந்தது. அதையும் அவர் இழந்துவிட்டார்.

இயற்கை இந்த விஷயத்தில் எவ்வளவு கணக்குப் பார்க்கிறது என்பதையும் ஒரு கணம் நோக்குவோம். விலங்கியல் ஆசிரியர்கள் என் சுருக்கத்தைப் பொறுத்தருள்க. நம் விழித்திரையில் குச்சி செல்கள், கூம்பு செல்கள் என இருவகை உண்டு. குறைந்த ஒளியில் வேலை செய்வன குச்சி செல்கள். அவை நிறம் அறியா. இருட்பார்வை கறுப்பு வெள்ளையாகத்தான் இருக்கும் என்ற விதி ஓரளவு இதனோடு ஒத்துப்போகிறது. மின்சாரம் நின்ற இரவில் முதலில் ஒன்றும் தெரியாமல், மெல்ல மெல்லக் கதவும் நாற்காலியும் தெரிவது நாம் எல்லோரும் அறிந்ததே. கண் முழுமையாக இருளுக்குப் பழக 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். ஒரு தீக்குச்சி கிழித்தால் அத்தனையும் வீண். பூனைக்கும் தேவாங்குக்கும் விழித்திரையின் பின்னால் கண்ணாடிபோல் ஒளியைத் திருப்பியடிக்கும் ஒரு படலம் உண்டு. அதனால் அற்ப ஒளியும் அவற்றுக்குப் போதும். எனினும் ஒளியே இல்லாத இடத்தில் பூனையும் குருடுதான். குழிவிரியன் இரையின் வெப்பத்தை உணர்கிறது. ஆனால் அது கண்ணால் அன்று, கண்ணுக்கும் மூக்குக்கும் இடையிலுள்ள குழியால்.

முழு இருட்டிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் உயிர்கள் என்ன ஆயின? மெக்சிகோ நாட்டுக் குகை மீன்களும், ஐரோப்பாவில் ஸ்லொவேனியாப் பகுதிக் குகைகளில் வாழும் ஓல்ம் என்ற நீர்வாழ் பிராணியும் கண்ணை இழந்தன. பயன்படாத உறுப்புக்கு உணவை வீணாக்காமல், மோப்பத்தையும் நீரின் அசைவை உணரும் புலனையும் வளர்த்துக்கொண்டன. கற்பனை உலகம் இயற்கையைப் பின்பற்ற வேண்டிய கடமை இல்லைதான். ஆயினும் மலைக்கடியில் வாழும் மக்களுக்குக் கூரிய செவியோ, காலடி அதிர்வை உணரும் திறமோ, காற்றின் போக்கை வைத்து வழி சொல்லும் வித்தையோ தந்திருந்தால் எத்தனை புதுமையான பாத்திரங்கள் கிடைத்திருக்கும்! எல்லோர்க்கும் ஒரே கண்ணை மாட்டிவிட்டது கற்பனை வறட்சியாகவே எனக்குப் படுகிறது. கூசும் பகலொளி என்ற விலையாவது 2014இல் ட்ரோ எனப்படும் பாதாள எல்ஃபுகளுக்கு இருந்தது. 2024ஆம் ஆண்டுக் கையேட்டில் அதுவும் இல்லை.

எதிர்த்தரப்பினர் கூறுவதையும் கேட்க வேண்டும். "வாரம் முழுவதும் வேலை செய்துவிட்டு மூன்று மணி நேரம் ஆட வருகிறோம், அங்கேயும் மளிகைக் கணக்குப்போல் பந்தக் கணக்கா?" என்பது அவர்கள் கேள்வி. இதில் பாதி நியாயம் உண்டு. எத்தனை பந்தம் கழிந்தது என்று ஒவ்வொரு பத்து நிமிடத்துக்கும் தாளில் கோடு போடுவது சலிப்பான வேலையே. நடத்துநர் மறந்துவிடுவார், ஆடுவோர் நினைவூட்ட மாட்டார்கள். நாடகமும் உரையாடலும் மிகுந்த ஆட்டம் நடத்துவோர்க்கு இருட்டு ஒரு தடையே என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் சலிப்பூட்டுவது கணக்கெழுதும் முறைதான். இருட்டை எடுத்துவிடுவது தலைவலிக்குத் தலையை எடுப்பதாகும்.

அம்முறையை மாற்றிக் காட்டியவர்கள் உண்டு. தோர் ஓலாவ்ஸ்ருட், லூக் கிரேன் இருவரும் 2013இல் வெளியிட்ட 'டார்ச்பேரர்' என்ற ஆட்டம் தன் பெயரையே பந்தம் ஏந்துபவனிடமிருந்து எடுத்துக்கொண்டது. 2023இல் கெல்சி டியோன் என்ற பெண்மணி வெளியிட்ட 'ஷேடோடார்க்' இன்னும் துணிவானது. அதில் ஆடுவோர் ஏற்கும் எந்தக் குலத்துக்கும் இருட்டில் கண் தெரியாது. எல்ஃபுக்கும் தெரியாது, ட்வார்ஃபுக்கும் தெரியாது. அரக்கர்களுக்குத்தான் இருட்டு பழக்கம். 1974ஆம் ஆண்டு விதியின் எதிரொலி இது. பந்தம் ஒரு மணி நேரம் எரியும். அந்த ஒரு மணி கற்பனை மணி அன்று, நம் கைக்கடிகார மணி. பந்தம் ஏற்றியதும் கடிகாரத்தை முடுக்கிவிட வேண்டியதுதான். எழுத வேண்டிய கணக்கு ஒன்றும் இல்லை. கதவைத் திறப்பதா வேண்டாவா என்று பத்து நிமிடம் வாதாடினால் பத்து நிமிட ஒளி போயிற்று. வீண் பேச்சு தானாகவே குறைந்துவிடுகிறது. நம் பட்டிமன்றத்தார் கவனிக்கத்தக்க ஏற்பாடு!

ஐந்தாம் பதிப்பையே ஆடுகிறவர்கள் வேறு ஆட்டத்துக்கு மாற வேண்டியதில்லை. அந்நூலிலேயே மருந்து இருக்கிறது. எவரும் எடுத்துப் பார்ப்பதில்லை. இருட்பார்வை உள்ளவனுக்கும் முழு இருட்டு பட்டப்பகலாவதில்லை. மங்கிய ஒளியில் பார்ப்பதுபோலத்தான் அவனுக்குத் தெரியும் என்று விதி சொல்கிறது. மங்கிய ஒளியில் கண்ணால் ஒன்றைத் தேடும்போது இரண்டு பகடைகளை உருட்டிக் குறைந்த எண்ணையே கொள்ள வேண்டும். 11 அல்லது அதற்கு மேல் வேண்டியிருந்தால் வாய்ப்பு நூற்றுக்கு 50இலிருந்து 25ஆகக் குறையும். 15 வேண்டியிருந்தால் 30இலிருந்து 9ஆகக் குறையும். தேடாமலே கண்ணில் படுவதற்கான எண்ணில் 5 கழியும். 13 உடைய கூர்த்த திருடன் வெறும் 8 ஆகிவிடுவான். 10 இருந்தாலே காணக்கூடிய சாதாரணப் பொறிக்குழியில் அவன் பேசிக்கொண்டே விழுவான். கையில் ஒரு பந்தம் இருந்திருந்தால் 20 அடிக்கு நல்ல வெளிச்சம், குழி தெரிந்திருக்கும். ஆனால் பந்தம் இருந்தால் எதிரிக்கும் தெரியும். மீண்டும் அதே பழைய சிக்கல், அதே பழைய சுவை!

நிறம் தெரியாது என்பதும் அவ்வாறே நூலில் கிடக்கிறது. தரையிலுள்ள கறை தண்ணீரா, குருதியா? சுவரில் இரண்டு நெம்புகோல்கள். சிவப்பை இழுக்காதே என்று கிழவர் ஒருவர் சொல்லி அனுப்பினார். இரண்டும் சாம்பல் நிறமாகத் தெரிகின்றன. புட்டிகளில் இருப்பது மருந்தா, விஷமா? பெரிய மண்டபமாயின் 60 அடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியாது. அங்கிருந்து அம்பு மட்டும் வரும். இவற்றை நடத்துநர் இரண்டு தடவை செய்து காட்டினால் போதும். மூன்றாம் தடவை எல்ஃபே விளக்குக் கேட்பான்.

கடையில் ஒரு பந்தம் ஒரு செப்புக் காசு. எடை ஒரு ராத்தல். பத்து வாங்கினால் பத்துக் காசு, பத்து ராத்தல். புறப்படும்போது இதைப் பாத்திரத்தாளில் எழுதிக்கொள்ளும்படி நடத்துநர் சொல்லட்டும். யார் சுமப்பது, யார் ஏந்துவது என்ற பேச்சு படியிறங்கும் முன்பே தொடங்கிவிடும்.